ஒரே கழிப்பறை உள்ள வீட்டுக்கு வராதீர்கள் அத்தான்

மிகுந்த மதிப்புக்குரிய அத்தானுக்கு, தங்கள் மைத்துனனாகிய முடிதிருத்துநன் வணங்கி எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் குடலைத் தவிர எல்லோரும் நலம்.

பத்து நாள் தங்கிப்போக வருவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முன் என் புராஸ்டேட்டில் புற்றுக்கட்டி என்று சொன்னார்கள். அக்கா அழுவாளே என்று மறைத்துவிட்டேன். இப்போது அடிவயிற்றில் கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைக்கிறார்கள், இருபத்தைந்து தடவை, அதில் பத்தொன்பது முடிந்துவிட்டது. வலி கிடையாது. ஆனால் மேசையில் படுக்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டுமாம், குடல் காலியாக இருக்க வேண்டுமாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒன்றை அனுப்பினால் மற்றது தானும் வருகிறேன் என்கிறது.

மூன்றாவது வாரம் வயிறு கட்டவிழ்ந்துவிட்டது. போன செவ்வாயன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மீசையை எடுத்துவிடச் சொன்னார். இடது பாதியை எடுத்தேன், வயிறு கூப்பிட்டது, கத்தியை வைத்துவிட்டு ஓடினேன், வந்து சோப்பு போட்டேன், மறுபடி கூப்பிட்டது, மூன்றாம் முறை வந்து பார்த்தால் நாற்காலி காலி. மனிதர் பாதி மீசையோடு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். “உனக்கு எப்ப முடியுதோ அப்ப வாப்பா, நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

டாக்டரம்மாவிடம் முறையிட்டேன். “வயித்துக்குள்ள கோடிக்கணக்கான கிருமிங்க ஒண்ணையொண்ணு அனுசரிச்சுப் போய்க்கிட்டிருந்துச்சு ஐயா. கரண்ட் பட்டதுல குடலும் புண்ணாச்சு, அதுங்க கூட்டமும் கலைஞ்சுபோச்சு. சிகிச்சை முடிஞ்சா மெல்ல அடங்கிடும்” என்று மாத்திரை தந்தார். அந்தக் கிருமிகளை ஆராய்வதற்கு மல மாதிரி வேண்டும் என்று ஒரு பெண் வந்து சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தாள். டப்பாவைக் கண்டதுதான் தாமதம், ஒரு வாரமாக நிற்காதது நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கதவுக்கு வெளியே அவள் பொறுமையாகக் காத்திருக்கிறாள், எனக்கோ பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி ஒன்றும் வரவில்லை. வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன், மாடிப்படியில் எல்லாம் நினைவுக்கு வந்தது.

வீட்டில் இருப்பது ஒரே கழிப்பறை, அதில் இருப்பது நான். என் மனைவி அடுத்த வீட்டுத் தையல்காரி தயவில் காலம் தள்ளுகிறாள். ஆகவே மீதி ஆறு தடவையையும் விட்டுவிடுவதாக முடிவு செய்துவிட்டேன். தாங்கள் நேரில் வந்து புத்தி சொன்னால் நான் கேட்டுவிடுவேன். அதனாலும் வர வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் ஆசி எனக்கும் என்னுள் மிச்சமிருக்கும் கிருமிகளுக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் தாங்களே பெட்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டீர்கள். என் மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். “மிச்ச ஆறு நாளும் நான் கூட வரேன், கிளம்புற வழியைப் பாரு” என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டீர்கள். சரி அத்தான், ஆறையும் முடித்துவிடுகிறேன். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பின்குறிப்பை மட்டும் படித்துவிட்டு உடனே வெளியே வரவும். மற்றதைக் கூடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம்.