துருப்பர் போக்கர் விளையாடப் போனது

சும்மா உப்பிடிச் சொல்லாதையும் பிள்ளை, உமக்கு அந்தாளைத் தெரியாது. இந்த ஒஸ்ரேலியா முழுக்க வலை போட்டுத் தேடினாலும் எங்கடை துருப்பரைப் போல பொய் சொல்லத் தெரியாத முகம் இன்னொண்டு அம்பிடாது. நீர் வென்ற்வேர்த்வில்லுக்கு வந்து ரெண்டு கிழமை. நான் அவையின்ரை பக்கத்து வீட்டில இருபது வருசம். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரும்.

சீட்டில மற்றதெல்லாத்தையும் வெட்டுற துருப்பாலதான் இந்தப் பட்டம், அவற்றை உண்மைப் பேர் எனக்கே மறந்துபோச்சு. மன்னார்ப் பக்கம். வெஸ்ற்மீட் ஆஸ்பத்திரியில நோயாளியளின்ரை கட்டில் தள்ளிக் காலம் போக்கினவர். அதைவிட்டா முன்னூற்றிநாலு எண்ட சீட்டு விளையாட்டுத்தான். சேட்டுப் பொக்கற்றில எப்பவும் ஒரு கட்டுத் தாள் இருக்கும். கோயில்ல பாட்டுக் கடுதாசி குடுத்தா, அதைக் குலைச்சு, வெட்டச் சொல்லி பக்கத்தில இருக்கிறவரிட்டை நீட்டுவார். ஒரு செத்தவீட்டில குனிஞ்சு கும்பிடேக்க ஒரு ராணித் தாள் நழுவிப் பெட்டிக்குள்ளை விழுந்திட்டுது. எடுக்கவும் ஏலாது, விடவும் ஏலாது. "பரவாயில்லை, அவரும் விளையாடினவர்தானே, கொண்டு போகட்டும்" எண்டார். செத்த மனிசன்ரை மனிசியே அழுகையை விட்டிட்டுச் சிரிச்சது.

நீர் சென்னைப் பக்கம், உமக்கு முன்னூற்றிநாலு விளங்காது. நாலு பேர் விளையாடுறது. எதிர்க்கதிரையில இருக்கிறவர் கூட்டாளி. அதில வீரன்தான் பெரியாள். நீங்கள் ஜாக் எண்டுவியள். அவனுக்கு அடுத்தது ஒன்பது. ராசாவும் ராணியும் சும்மா அடியில கிடக்குங்கள். துருப்பருக்கு ஒரு வீரன் வந்திட்டா முகம் திருவிழாத் தேர் மாதிரி மின்னும், ரெண்டு காதும் சிவந்து ஆடும். ராசா வந்தா முகம் செத்தவீடு. கண்ணில்லாதவனுக்கும் தெரியும் அந்தாள் என்ன வச்சிருக்கிறார் எண்டு.

அவற்றை கூட்டாளி அவற்றை மனிசி, திரேசக்கா. நாப்பது வருசமா எதிர்க்கதிரை. அவவைப் போல விளையாட ஆம்பிளையள் ஒருத்தராலையும் ஏலாது. போன வருசம் கோயில் மண்டபத்தில போட்டி. கடைசி ஆட்டம், திரேசக்கா வீரனை இறக்கினா. வெண்டாச்சு எண்டு நாங்கள் கை தட்ட எழும்ப, இந்த மனிசன் எங்கை பாத்துக்கொண்டு இருந்தாரோ, சொந்த மனிசியின்ரை வீரனைத் துருப்பால வெட்டிப்போட்டார்! இருந்த ஒரே துருப்பும் அதில வீணாப்போய், மிச்சச் சுத்தெல்லாம் எதிராளியள் கொண்டு போட்டினம். பரிசு சோறு காய்ச்சுற மெசின். அது போனதில அவவுக்குக் கவலை இல்லை. சுவாமியாருக்கு முன்னால, அவ்வளவு சனத்துக்கு முன்னால, கட்டின புருசன் வெட்டிப்போட்டாரே எண்டுதான்.

அண்டைக்கு நிப்பாட்டினதுதான் கதையை. ரெண்டு மாசம் பிள்ளை! ஒரே வீடு, ஒரே குசினி, நடுவில நான். "அவருக்குச் சொல்லுங்கோ, தேத்தண்ணி ஆறுது." அவர் மூண்டடி தள்ளி நிப்பார். "அவவுக்குச் சொல்லுங்கோ, குடிச்சிட்டன்." நானும் ரெண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லி வாய் உளைஞ்சுபோனன். மனிசன் மெலிஞ்சுபோனார். ஒருநாள் வேலிக்கரையில என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அவ என்னைப் பேசினாக்கூடக் காணும். ஒருக்கா 'இஞ்சேருங்கோ' எண்டு கூப்பிட்டாக் காணும்" எண்டார். கண் கலங்கிப்போச்சு எனக்கு.

அதுக்குள்ளை, பக்கத்துக் கிளப்பில புதன்கிழமையில போக்கர் விளையாடுறவை, தெரியுமே? இவர் தனிமையில போய்ப் பழகி, ஒருநாள் வெண்டும் போட்டார். பரிசு ஒரு ரிக்கற். மெல்பேண் கசினோவில கிழமைக்கணக்கா நடக்கிற பெரிய சம்பியன் போட்டியில ஒரு ஆட்டம். மனிசன் துள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா, நான் அங்கை வெண்டா அவவுக்கு என்னில திரும்ப மதிப்பு வரும். அவவுக்குச் சொல்லுங்கோ."

சொன்னன். திரேசக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டு சொல்லுறா: "கூட்டாளி இல்லாத விளையாட்டும் ஒரு விளையாட்டே எண்டு கேளுங்கோ. தனிய விட்டா பிறஷர் குளிசை போடமாட்டார், நானும் வாறன் எண்டும் சொல்லுங்கோ. நீங்களும் வாங்கோ, இல்லாட்டி ஆர் சொல்லுறது?"

அப்பிடித்தான் நான் பிளேனில நடுச்சீற்றில இருந்து மெல்பேண் போனனான். இந்த வயசில!

ஐயோ அந்த மண்டபம்! ஒவ்வொரு மேசையிலையும் பொடியள் கறுத்தக் கண்ணாடி, தலையை மூடின சட்டை. ஒருத்தன்ரை முகமும் தெரியாது. அதுக்கு நடுவில எங்கடை ஆள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடை, முகத்தைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிறார். நாங்கள் கயிறு கட்டின கரையில நிண்டம். திரேசக்கா சுத்திச் சுத்திப் போய், சரியா அவருக்கு எதிர்ப்பக்கமா ஒரு இடம் பிடிச்சா. கதைக்கிறேல்லை, ஆனா இடம் மட்டும் எதிர்ப்பக்கம்!

தாள் குடுத்தாங்கள். கைக்கு ரெண்டு தாள்தான். காசுக்குப் பதிலா வட்டக் காயைத் தள்ளிப் பந்தயம் கட்டுறது, பயந்தவன் தாளைக் கீழ வச்சிட்டு விலகிறது. போக்கரில ராசா பெரிசு, வீரன் அவனுக்குக் கீழ. இது துருப்பருக்கும் தெரியும். ஆனா அவற்றை முகத்துக்கு ஆர் சொல்லுறது? அது அம்பது வருசமா முன்னூற்றிநாலு முகம்! ஒரு வீரன் வந்தாப்போதும், தேர் மின்னும், காது ஆடும். இந்தக் கிழவனிட்டை ஏதோ பெரிசு இருக்கெண்டு கண்ணாடிப் பொடியள் எல்லாரும் தாளை வச்சிடுவாங்கள். ரெண்டு ராசா வந்தா முகம் செத்தவீடு. ஆளிட்டை ஒண்டும் இல்லையெண்டு நம்பி ஒருத்தன் தன்ரை காயெல்லாத்தையும் தள்ளுவான். தள்ளிப்போட்டு, கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பிப் போவான். வட்டக் காய் இவருக்கு முன்னால புட்டு அவிச்சுக் கொட்டினமாதிரிக் குவிஞ்சுபோச்சு.

நான் பக்கத்தில பாத்தன். திரேசக்காவின்ரை வாய் ஓரமாச் சிரிக்குது. என்னைக் கண்டதும், "அவருக்குச் சொல்லுங்கோ, தண்ணி குடிக்கச் சொல்லி" எண்டா. கரையில நிக்கிறவை விளையாடுறவையோடை கதைக்கப்படாதெண்டு அங்கை சட்டம், நான் எப்பிடிச் சொல்லுறது?

அந்த மேசையில ஒரு சீன அன்ரி. கண்ணாடியும் இல்லை, ஒண்டும் இல்லை. மத்தியானம் முழுக்க மன்டரின் தோடம்பழம் உரிச்சுத் திண்டுகொண்டு துருப்பற்றை காதையே பாத்துக்கொண்டு இருந்தவ. அந்தக் காதின்ரை கணக்கை அவ பிடிச்சிட்டா எண்டு நான் அப்பவே நினைச்சன். பேந்து ஒரு கை வந்துது. துருப்பருக்கு முகம் மின்னினது எண்டா, அப்பிடி மின்னல் நான் காணேல்லை. ரெண்டு காதும் விசிறி! வீரனும் ஒன்பதும் சேர்ந்து வந்திருக்கெண்டு எங்களுக்கு விளங்கிட்டுது. முன்னூற்றிநாலில அது ராச்சியம், போக்கரில குப்பை. கொஞ்சக் காயை முன்னால வச்சார். மற்றவை தாளை வச்சிட்டினம். சீன அன்ரி பழத்தைக் கீழ வச்சு, கையைத் துடைச்சு, தன்ரை காய் முழுக்கத் தள்ளினா.

இந்த மனிசன் வீரனை வச்சுக்கொண்டு ஒருநாளும் பின்வாங்கினதில்லை. கை தன்ரை பாட்டுக்கு அந்தக் குவியலைத் தள்ளப் போகுது.

"இஞ்சேருங்கோ! உது முன்னூற்றிநாலு இல்லை! தாளை வையுங்கோ!"

திரேசக்கா! மண்டபமே திரும்பிப் பாத்துது. கோட்டுப் போட்ட ரெண்டு பேர் ஓடி வந்திட்டாங்கள். வெளியில இருந்து சொல்லிக் குடுத்தபடியா அந்தக் கை செல்லாது, அவ வெளியில போகவேணும் எண்டு ஒருத்தன் அவவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போறான். அவ அழுறா. "கெடுத்துப்போட்டனே, இவ்வளவும் வெண்ட மனிசனை நானே வெட்டிப்போட்டனே."

துருப்பர் எழும்பிட்டார். தாள் குடுக்கிற மேசைக்காரன் கூப்பிடுறான்: "சேர், உங்கடை காய் இவ்வளவு கிடக்கு, ஆட்டம் முடியேல்லை!"

"மை வைஃப் டோக்கிங்!" என்ரை மனிசி கதைச்சிட்டா எண்டு தனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கத்திக்கொண்டு ஓடினார் பிள்ளை. திரும்பியும் பாக்கேல்லை. சீன அன்ரி எழும்பி நிண்டு கை தட்டினவ.

வெளியில ஆத்தங்கரையில, மர வாங்கு ஒண்டில பக்கத்தில பக்கத்தில ரெண்டு பேரும் இருக்கினம். அவ பேசுறா, பேசுறா, ரெண்டு மாசத்துச் சேமிப்பு முழுக்க. மனிசன் அந்தச் சேட்டோடை, பூசையில பிரசங்கம் கேக்கிறமாதிரி இருந்து கேக்கிறார். நான் கிட்டப் போகேல்லை. தூர நிண்டு பாத்தன். இனி எனக்கு அங்கை வேலை இல்லை எண்டு விளங்கிச்சு. ஒரு வேலை போனதுக்கு அண்டைக்குத்தான் சந்தோசப்பட்டனான்.

ஐயோ பிள்ளை, மழையெல்லே தூறுது! உடுப்பெல்லாம் கொடியில கிடக்கு. அவையின்ரையும் சேத்து எடுத்துப்போட்டு வாறன், ரெண்டு பேரும் வந்த ஆக்களோடை உள்ளுக்கை எதிரெதிரா இருந்து விளையாடிக்கொண்டு இருக்கினம், குழப்பப்படாது.