சிலம்பாயியின் நாக்கு

மாமணிபுரி என்றொரு நாடு. அங்கே விடிந்ததும் சிலம்பாயி கன்னலாற்றில் இறங்கி முதல் கை தண்ணீரைக் குடிப்பாள். "குடிக்கலாம்" என்றோ "வேண்டாம்" என்றோ உரக்கச் சொல்வாள். பிறகுதான் ஊர் குடத்தை முக்கும். ஆற்றம்மன் கனவில் வந்து ஒப்படைத்த வேலை; அரண்மனை கொடுத்த உத்தியோகம் அல்ல. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அரசரின் மைத்துனர் ஆற்றின் மேலே சாயப்பட்டறை திறந்தார். மறுவாரமே தண்ணீர் சிவந்தது. சிலம்பாயி வாயில் வைத்தாள், துப்பினாள், "வேண்டாம்" என்றாள்.

பேரமைச்சர் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"அம்மணி, சிவப்பு இனி நாட்டின் நிறம். அதைத் துப்புவது ராஜத்துரோகம்."

"நிறத்தை நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க. குடிச்சா வயித்தால போகுதுங்க."

மறுநாளே அரசாணை வந்தது: வயிற்றுப்போக்கை இனி 'உட்தூய்மை' என்றே அழைக்க வேண்டும். அந்த மாதம் உட்தூய்மையில் பதினெட்டுப் பேர் செத்தார்கள்.

அடுத்து வாக்கெடுப்பு. ஆற்று நீர் இனிப்பு என்று ஓட்டுப் போட்டவர்களுக்கு அரண்மனைக் கிணற்றிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர். இனிப்பே அமோகமாக வென்றது. குடத்தோடு வந்த பக்கத்து வீட்டுப் பூவாத்தா தலை நிமிரவில்லை.

"புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்குதக்கா. நான் என்ன பண்றது?"

சிலம்பாயிக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஆனாலும் விடிந்ததும் "வேண்டாம்" என்றாள்.

"பெரும்பான்மை தீர்ப்பளித்துவிட்டதே!" என்று பதறினார் பேரமைச்சர்.

"ஓட்டு உங்களுதுங்க. நாக்கு அம்மன் குடுத்தது."

அரசர் யோசித்தார். "சிறையில் போட்டால் தியாகியாகிவிடுவாள். சாமியாக்கிவிடுங்கள்."

படித்துறையில் கருவறை எழும்பியது. "நான் சாமியில்லை, உடுங்கடா!" என்று திமிறியவளை உள்ளே தள்ளி வெள்ளிக் கம்பிக் கதவைப் பூட்டினார்கள். "அருள் வந்துருச்சு!" என்று ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலம்பாயி சந்நிதியில் தரும் ஆற்று நீர் எல்லாம் தீர்த்தம் என்று முரசறைந்தார்கள். அன்றோடு கிணற்றுத் தண்ணீர் நின்றது.

சுருண்டு கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பூவாத்தா வந்தாள். பூசாரி அதன் கையில் சிவப்புத் தீர்த்தம் வார்த்தார். கம்பிக் கதவு வழியே அதைப் பார்த்த சிலம்பாயி தொண்டை கிழியக் கத்தினாள். மேளச் சத்தத்தில் சொல் எதுவும் விளங்கவில்லை.

பூவாத்தாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"அம்மா உத்தரவு குடுத்துட்டா. குடி ராசா."