சம்பந்தியைத் திருடன் ஆக்கினேன்

இதுவரை எந்த மோசடிக்காரனும் என்னிடமிருந்து ஒரு பைசா வாங்கியதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெருமையில் ஒரு நல்ல மனுஷரை நான் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே அப்படியே எழுத முடியாது.

நாமக்கல்லில் லாரிகளுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கும் கடை என்னுடையது. கடைக்கு ஒரு மெயில், கையில் ஒரு போன். இரண்டிலும் திருடர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கரண்ட் கட்டாகும் என்பான், பார்சல் நிற்கிறது என்பான். நான் வைத்திருந்த கணக்கு சுலபம். தெரியாத நம்பர், அவசரம், லிங்க், சொந்த விவரம். இந்த நான்கில் இரண்டு இருந்தாலே திருடன். நான்கும் இருந்தால் பெரிய திருடன். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பத்து தடவையாவது எழுதியிருப்பேன். (யாரும் படிக்கவில்லை. அது வேறு கதை.)

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், 'உங்கள் மகளுக்குப் பொருத்தமான வரன், உடனே பார்க்கவும்' என்று கடை மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. கீழே ஒரு லிங்க். என் மகள் நந்தினிக்கு நாங்கள் எங்கேயும் பதிவு செய்திருக்கவில்லை. "வந்துட்டான்டா" என்று அழித்தேன். மறுநாள் போன்.

"வணக்கமுங்க. திருச்செங்கோட்டுலிருந்து பேசறனுங்க. என்ர பையனுக்காக ஒரு மெயில் போட்டிருந்தனுங்க, பாத்தீங்களா?"

"என்ர நம்பர் உனக்கு யார் குடுத்தது?"

"எல்லாம் தெரிஞ்ச இடந்தானுங்க. பாப்பா பொறந்த தேதி, நேரம் சொன்னீங்கன்னா பொருத்தம் பாத்துப்போடலாம். நாளைக்கு அஷ்டமிங்க, இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லோணும்."

நான்கும் வந்துவிட்டன. எனக்குள் ஒரே குஷி. இன்னும் கொஞ்சம் பேசவிட்டு அமுக்கலாம் என்று, "வேற என்ன வேணும்?" என்றேன்.

"முக்கியமா ஒண்ணு கேக்கோணுமுங்க. உங்க குலதெய்வம் எது?"

அவ்வளவுதான். என் தலையில் யாரோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றியதுபோல இருந்தது. ஏனென்றால் என் பேங்க், மெயில், கடை வைஃபை எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்ட் அந்த சாமியின் பெயர்தான். பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. (எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்கு எது சாமி என்று கேட்காதீர்கள். இன்றும் சொல்ல மாட்டேன்.)

ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி முறை, பெண் எடுக்க மாட்டார்கள், அதனால் எந்த மாப்பிள்ளை வீட்டிலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"ஏண்டா, சாமி பேரையே திருட வந்துட்டியா? உனக்கெல்லாம் ஒரு பையன், அவனுக்கு ஒரு கல்யாணமா? போலீசை உடறேன், இரு!"

வைத்தேன். நம்பரை 'திருடன், எடுக்காதே' என்று பதிந்தேன். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டுகிற செயலியிலும் அதே பெயர். பிறகு நம்பரோடு குழுவில் போட்டேன்: 'குலதெய்வம் கேட்பான், ஏமாறாதீர்கள்.' வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அனுப்பியதை எல்லோரும் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல் ஊர் ஊராக அனுப்பினார்கள். மதியத்துக்குள் அது திருச்செங்கோட்டுக்குப் போய், அந்த மனுஷரின் மகள் போனுக்கே வந்துவிட்டது.

என் புருஷன் கடைக்கு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஏ புள்ள, என்ன பண்ணி வெச்சிருக்கறே! அது மாப்பிள்ளையோட அப்பன்!"

"எந்த மாப்பிள்ளை?"

"நந்தினிக்கு அந்தப் பையனைப் புடிச்சிருக்குது. கூட வேலை பாக்கறவன். நான்தான் நம்பரும் மெயிலும் குடுத்தேன். அந்த லிங்க்குல இருந்தது பையன் ஜாதகம்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ கத்துவியேன்னுதான், அவங்களே வரன்னு உன்கிட்ட கேக்கட்டும், பொருத்தம் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தோம்."

(கத்தினேன்.)

நந்தினி கத்தவில்லை, அழவும் இல்லை. "இனிமே அவங்க எப்படிம்மா வருவாங்க?" என்று மட்டும் கேட்டாள். பெற்ற மகள் தனக்குப் பிடித்தவனை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாள். அதுவும் சேர்ந்து குத்தியது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அடுத்த நாளே, அஷ்டமி என்றும் பார்க்காமல், திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினோம்.

கூடத்தில் பத்துப் பேர். நான் எழுந்து நின்று, "தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கங்க" என்றேன். மாப்பிள்ளையின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"நேத்துக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலீங்களே."

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். பத்துப் பேர் முன்னால் பாஸ்வேர்டைச் சொல்வதா? "ரெண்டு நிமிஷம் இருங்க" என்று வாசலுக்குப் போனேன். அங்கேயே நின்று, பேங்க், மெயில் என்று போனிலேயே என்னென்ன மாற்ற முடியுமோ அத்தனையும் மாற்றினேன். ரெண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஆனது. உள்ளே வந்து சாமியின் பெயரைச் சொன்னேன். அவர்களுடையது வேறு சாமி.

"வெளிய என்னத்தைங்க பண்ணிட்டு இருந்தீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி இவரு கரண்ட் பில்லுன்னு ஒரு லிங்க்கைத் தொட்டு ஏமாந்தாருங்க. தொடாதீங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாரா? இந்த ஊட்டுக்கு இப்படி ஒரு சம்பந்தியம்மாதான் வேணும்."

மாப்பிள்ளையின் அப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "சரி, தட்டு மாத்திக்கலாமுங்க" என்றார்.

கல்யாணம் நடந்தது. இன்று இரண்டு வீட்டிலும் எந்த லிங்க் வந்தாலும், தொடுவதற்கு முன் எனக்குத்தான் படம் பிடித்து அனுப்புகிறார்கள். ஒருவரும் ஏமாறவில்லை. நந்தினியும் இப்போது எதுவானாலும் முதலில் என்னிடம்தான் சொல்கிறாள்.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. செயலியில் நான் வைத்த பெயரை எடுத்துவிட்டேன். நான் அனுப்பியதைப் பார்த்து அதே பெயரைப் பதிந்த மற்றவர்கள் யாரும் எடுக்கவில்லை. சம்பந்தி புதிதாக யாரைக் கூப்பிட்டாலும் அந்தப் பக்கம் 'திருடன், எடுக்காதே' என்றுதான் வருகிறதாம். தப்பித்தவறி யாராவது எடுத்தால், வணக்கம் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுகிறார்:

"பயப்படாதீங்க. அது என்ர சம்பந்தியம்மா வெச்ச பேருங்க."