மாடி வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம்

நாரந்தனை,
ஊர்காவற்றுறை.

அன்பும் மதிப்பும் நிறைந்த பரமண்ணைக்கு,

நானும் மகள் நிலாந்தியும் சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள் சுகமாக இருக்க நயினை அம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். இம்முறை மழை பிந்திவிட்டது. கிணறு வழமைபோல உப்பு. உங்கள் வீடும் சுகம். மேல்மாடி அறைகளின் பூட்டுகளுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன்.

முதலில், போன செவ்வாய்க்கிழமை காலை, முற்றத்தைப் பார்க்க நீங்கள் பூட்டிய கமரா ஏன் இருண்டு போனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கள்ளர் வரவில்லை. அதன்மேல் துவாயைப் போட்டது நான்தான். நீங்கள் ரொறன்ரோவிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்தபோது நான் தொலைபேசியை எடுக்காததற்கும் அதே காரணம்தான். இதை அப்போதே கதைத்துச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் சொல்ல வெளிக்கிட்டால் நீங்கள் வேலைக்கு ஓடுகிற நேரமாக இருக்கும், அல்லது அண்ணி ஸ்பீக்கரில் போட்டுவிடுவா; நானும் வெயிலைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் கதைத்துவிட்டு வைத்துவிடுவேன். கடிதத்தை ஸ்பீக்கரில் போட ஏலாது.

நிலாந்திக்குப் பேராதனையில் பொறியியல் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். கேக் படத்தோடு வாழ்த்து அனுப்பினீர்கள். படிப்புக்கு அங்கே காசு வாங்குவதில்லை, அது உண்மை. ஆனால் படிக்கிற பிள்ளை சாப்பிடவும் வேண்டும், எங்கேயாவது படுக்கவும் வேண்டும். அவளுடைய அப்பா இருந்திருந்தால் எப்படியும் சமாளித்திருப்பார். முன்பள்ளியில் எனக்குத் தருவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, ஊக்குவிப்புப் படி என்றுதான் பெயர். பட்டம் பெற்ற ஒருத்தி அதை எண்ணி வாங்கும்போது உண்மையாகவே ஊக்கம் தேவைப்படுகிறது. உதவிப்பணம் எதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை கேட்டுவிட்டு வந்து நிற்கிறாள். பருத்தித் துணியையும் பட்டையும் பிரித்துக் காட்டக் கணிதம் தேவையில்லையாம். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் எனக்கு நித்திரை போனது.

ஆகவே விண்ணப்பிக்கத் தொடங்கினோம். விண்ணப்பிப்பது என்றால் எழுதுவது என்று நினைத்திருந்தேன், அண்ணை. இல்லை, அது காட்டுவது. வறுமையை வந்து பார்த்துப் படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வறுமையைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது உங்கள் கேற்றில் இருக்கிற சிங்கங்கள். பிறகு வெள்ளைத் தூண்கள், பல்கனி. ஊர் நிதியத்துக்காக முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற அதிபர் இராசநாயகம். எனக்குப் படிப்பித்தவர் என்பதால் தைரியமாக இருந்தேன். சைக்கிளை விட்டு இறங்காமலே அண்ணாந்து பார்த்தார்.

“பிள்ளை அஜந்தா, இது வீடோ கலியாண மண்டபமோ?”

“அண்ணையின்ரை வீடு, சேர். நாங்கள் பின்னுக்கு, குசினிக்குப் பக்கத்து அறையிலைதான் இருக்கிறம்.”

“சும்மா விடும். தங்கச்சிக்குக் கட்டிக் குடுத்த வீடெண்டு பரமலிங்கம் அங்கை ஒன்றுகூடல் மேடையிலை சொன்னவர். நான் வீடியோ பாத்தனான். சனம் எழும்பி நிண்டெல்லே கை தட்டினது!”

“காணி உறுதி அவரின்ரை பேரிலை, சேர்.”

“எங்கடை ஊரிலை வீடு பெட்டையளுக்குத்தானே பிள்ளை. ஆம்பிளை ஆராவது தனக்கு வீடு கட்டினதை நீர் கண்டிருக்கிறீரோ? சிங்கம் இருக்கிற கேற்றுக்குள்ளை வறுமை எண்டு நான் எழுதினா என்ரை பென்சனை வெட்டிப் போடுவாங்கள்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. வீடு சகோதரிக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே உங்கள் வாய் சொன்னதை ஊர் நம்பிவிட்டது. உறுதியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. குளியலறைகள் எத்தனை இருந்தும் நாங்கள் பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீரைக் கானில் தூக்கிவந்து கிணற்றடியில் குளிக்கிறோம் என்று சொன்னேன். “குளியலறை இருக்குத்தானே” என்றார். பிறகு, வீடு உங்களுடையதுதான் என்று உங்களிடம் இரண்டு வரி எழுதித் தரக் கேட்டேன், நினைவிருக்கும். “சனம் என்ன சொல்லும் பிள்ளை? அம்மான்ரை செத்தவீட்டிலையும் வீடு உனக்கெண்டு சபைக்கு முன்னாலை சொன்னனானெல்லே” என்றீர்கள். உடனே, அங்கே பனி கொட்டுகிறது என்றும் சொன்னீர்கள்.

அப்போதுதான் பக்கத்து வளவு றோசம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்து வேறொரு அறக்கட்டளைக்காரர் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தா.

“ஏனடி முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறாய்? என்ரை வீட்டிலை வந்து நில்லு. என்ரை கூரையைக் கண்டா வாறவள் தன்ரை சங்கிலியையும் கழட்டித் தந்திட்டுப் போவாள்.”

நான் படித்தவள், யோசித்திருக்க வேண்டும். யோசிக்கத்தான் செய்தேன், யோசித்த பிறகும் சம்மதித்தேன். பானையும் பாயும் நிலாந்தியின் புத்தகங்களும் உங்கள் முற்றத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். உங்கள் வீட்டிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு நான் வெளியேறுவதை நீங்கள் அங்கிருந்து பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். துவாயின் கதை அதுதான்.

றோசம்மாவின் சுவரில் இருந்த அந்தோனியார் படத்துக்கு மேலே எங்கள் பிள்ளையாரைக் கொழுவினோம். றோசம்மா சிலுவை போட்டு, “கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும்” என்று அந்தோனியாரிடம் சொன்னா. துஷாந்தினி என்ற அலுவலர் வந்து, உடைந்த கதிரையில் கவனமாக இருந்து, கூரையைப் படம் எடுத்து, எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் றோசம்மா ஒருவருக்கு மட்டும் விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டா. அவவின் புருசன் அன்ரனிதாஸ் கடலால் நேரத்தோடு வந்துவிட்டார். வந்தவர் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார்.

“தேத்தண்ணியை ஊத்து. உந்தப் பிள்ளையாரை ஆர் இங்கை கொண்டந்தது?”

“இவர் ஆர்?” என்று துஷாந்தினி கேட்டா.

றோசம்மா தடுமாறி, “உவர்... வேலைக்கு நிக்கிற ஆள், மிஸ்” என்றா.

“உதவிப்பணம் கேக்கிற வீட்டிலை வேலைக்கு ஆளோ?”

அன்ரனிதாஸ் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “ஓம் மிஸ், வேலைக்காரன்தான். கலியாணம் கட்டின நாள் துவக்கம் சம்பளம் தராமல் வைச்சிருக்கிறாள். அதையும் எழுதுங்கோ.”

நிலாந்தி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள்தான் எழுந்து நின்றாள்.

“மிஸ், இது எங்கடை வீடில்லை. அந்தா தெரியிற மாடி வீடும் எங்கடையில்லை. அங்கை இருந்தா எங்களைப் பணக்காரர் எண்டினம், இங்கை வந்தா பொய்க்காரர் ஆகிறம். எங்களுக்கு வீடில்லை எண்டு எழுத உங்களிட்டை ஒரு இடமும் இல்லையோ?”

அந்தப் பெண் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “தங்கச்சி, நான் நம்பிறன். ஆனா ஒபிசிலை நான் நம்பினது காணாது. வீட்டுக்காரரின்ரை கடிதம் வேணும், இல்லாட்டி ஊரிலை மதிப்பான ஆள் ஒருத்தர் கையெழுத்து வைக்கவேணும். மாத முடிவு வரைக்கும் பாத்துக்கொண்டிருப்பன்” என்றா. அன்ரனிதாஸ் நல்ல விளைமீன் ஒன்றை நீட்டினார். இலஞ்சமாகிவிடும் என்று வாங்காமல் போய்விட்டா. அந்த மீனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

பின்னேரம் இராசநாயகம் சேரிடம் போனேன். “பரமலிங்கம் சபையிலை சொன்னதைப் பொய்யெண்டு நான் கையெழுத்து வைக்க ஏலாது பிள்ளை” என்றார். மிச்சம் இருப்பது நீங்கள்தான்.

அண்ணை, நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. இதைப் பலநாள் யோசித்துத்தான் எழுதுகிறேன். அந்த நாட்டில் மற்றவர்களின் கோப்பைகளைக் கழுவிக் கழுவிக் கைத்தோல் உரிந்து நின்ற காலத்தில், ஊரில் தங்கச்சிக்கு ஒரு வீடு கட்டுகிறேன் என்ற நினைப்புத்தான் உங்களை நிற்க வைத்திருக்கும். மேடையில் சொன்னபோதும் அதை மனதாரத்தான் சொல்லியிருப்பீர்கள். கொடுக்க விரும்பியதையும் கொடுத்ததையும் அந்தக் கைதட்டல் ஒன்றாக்கிவிட்டது. எனக்கும் அந்த வீடியோவைப் பார்க்க ஆசை. மற்றவர்களைப் போல நானும் ஒருமுறை அதை நம்பிப் பார்த்திருப்பேன்.

நான் கேட்பது வீட்டை இல்லை. வீடு உங்களுடையது, நாங்கள் காவலுக்கு இருக்கிறோம் என்று இரண்டு வரி. அதை ரொறன்ரோவில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். துஷாந்தினியின் கோப்புக்குள் அது கிடக்கும். ஊரில் யாராவது கேட்டால், வீடு எனக்குத்தான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். நிலாந்தி போய்ச் சேர்ந்தால் எனக்குப் போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். முழங்கால் நோவுக்குப் பனங்கிழங்கு மாவோடு அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறாவா என்று கேட்டதாகவும் சொல்லுங்கள். மருமக்களுக்கு என் முத்தங்கள். அம்மாவின் ஆசி உங்கள் எல்லோருக்கும் துணை இருக்கட்டும். என் மறுமொழி பிந்தியதை மனதில் வைக்கவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கச்சி,
அஜந்தா

பிற்குறிப்பு: கடிதவுறையை ஒட்டப்போகும்போது கேற்றடியில் ஒரு வாகனம் வந்து நின்றது. அளவுநாடாவோடு இறங்கியவர்கள் தூணிலிருந்து மதில் வரை அளந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “ஹொட்டேல் ஆக்கப்போறம் அக்கா. பரமலிங்கம் ஐயாவோடை கதைச்சு முடிஞ்சுது. உங்களுக்குச் சொல்லேல்லையோ?” என்றார்கள். “சொன்னவர்” என்றேன். றோட்டால் போய்க்கொண்டிருந்த இராசநாயகம் சேர் இதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். இம்முறை சைக்கிளை விட்டு இறங்கினார். நிலாந்தியைக் கூப்பிட்டு விண்ணப்பப் பத்திரத்தை வாங்கி, சைக்கிள் சீற்றிலேயே வைத்து, இவர்களுக்கு வீடில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார். எழுதி முடித்தபின் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

ஆகவே நான் மேலே கேட்டது எதுவும் இனித் தேவையில்லை. நிலாந்தி பேராதனைக்குப் போவாள். நீங்கள் இவ்வளவு பெரிய உதவி செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை. பத்திரம் முழுவதையும் நிரப்பிவிட்டாள். நிரந்தர முகவரி என்ற இடத்தில் மட்டும் என்ன எழுதுவது என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.