பச்சைத்தண்ணி கிளாரினெட்

இனி என் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கலைக்குத்தான் என்று சூளுரைத்தேன்! என் மனைவி பெயர் கலையரசி என்பதைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

"கலைக்குத்தானே? எழுந்திரிங்க. மீன் சட்டி ஊறுது."

விடுவேனா? ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய தினத்துக்குப் பாண்டி கடற்கரைச் சாலையில் எங்கள் பேண்டு. முதல் வரிசையில் கிளாரினெட் வாசிக்க ஒரே இடம். அது எனக்குத்தான் வேண்டும்! பயிற்சிக்குக் கிடைப்பதோ ஞாயிறு ஒன்றுதான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் வாங்கிய கிளாரினெட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"சட்டி தேய்க்கிற கையால இதைத் தொடக்கூடாது கலை. கெட்டி ரப்பர். கொழந்த மாதிரி!"

"கழுவலாமா?"

"வாயில வைக்கிற பாகத்தை மட்டும். பச்சைத்தண்ணியில."

"சுடுதண்ணியில?"

"ஐயையோ! பச்சையாயிடும்!"

"பச்சைத்தண்ணியில?"

"கறுப்பாவே இருக்கும்."

"தண்ணிக்குப் பேரை மாத்தி வச்சிட்டாங்களாட்டம் இருக்கு. நார் போட்டுத் தேய்க்கலாமா?"

"கீறல் விழும்! மெத்துனு துணிதான்."

"வெயில்ல வைக்கலாமா?"

"கூடவே கூடாது! கலரு போயிடும்."

"இம்மாம் பொறுமை உங்களுக்கு இருக்குதா?"

"பின்னே? பாண்டியிலயே இப்படிப் பக்குவமா பாத்துக்கிற கை எவனுக்கு இருக்கு, சொல்லு!"

கலை விறுவிறுவென்று உள்ளே போனாள். ஜெயித்துவிட்டேன்! கல்யாணம் ஆனதில் இருந்து இதுதான் முதல் வெற்றி. சந்தோஷத்தில் நாணல் ரீடைப் பொருத்தி முதல் மூச்சை இழுத்தேன்.

ஊதுவதற்குள் என் மடியில் தடதடவென்று ஏதோ இறங்கியது. பளபளவென்று தோசைக்கல், கடாய், பணியாரச் சட்டி. அத்தனையும் நான்ஸ்டிக்.

"எங்கம்மா வீட்டு சீரு. சூட்டோட தண்ணி ஊத்தக்கூடாது, நார் கூடாது, மெத்துனு துணிதான். எவ கையில குடுத்தாலும் கீறிடுவாளேன்னு பரண்லயே போட்டு வச்சிருந்தேன். இப்படி ஒரு கை வீட்லயே இருக்கறது தெரியாமப் போச்சே!"

"அப்போ மீன் சட்டி?"

"அதுவும்தான்."

அதன்பின் எந்த ஞாயிறும் நான் கிளாரினெட்டைத் தொடவில்லை. ஒத்திகையில் நான் ஊதியதைக் கேட்ட பேண்டு மாஸ்டர் ஜானகிராமன், கிளாரினெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு என் கையில் ஜால்ராவைக் கொடுத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கலையிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சுங்க," என்றாள். "அதுக்கு நீங்க ப்ராக்டீஸே பண்ண வேணாம்."