செவ்வந்திக்கல்லுக்கு வைத்த மை

நகரி

மதிப்பிற்குரிய மியூசியம் டைரக்டர் தேவசேனா அம்மா அவர்களுக்கு, தங்களிடம் கற்களைக் காட்சிக்கு வைக்கும் வேலையில் இருக்கும் பிரித்திகாவின் தகப்பன் சிவசங்கரன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி சுமித்ராவும் நாலு தறிகளும் சுகம். தங்கள் சுகமும் தங்கள் கேலரியில் உள்ள கற்களின் சுகமும் அறிய ஆவல். ஆபீஸ் தெலுங்கில் எழுதினால் எனக்கு மன்னிப்புக் கேட்க வராது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

அம்மா, கேலரி திறப்பு விழாவில் நடந்ததற்கு என் பெண்ணுக்கு மெமோ கொடுத்துவிட்டீர்கள். வேலை நிலைக்குமா என்று அவள் சோறு துன்னாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மேல் தப்பே இல்லை, மை வைத்தது நான். விழாவுக்கு முதல் நாள் நாங்கள் அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு திருப்பதிக்கு வந்தோம். "வா நைனா, ஒண்ணு காட்றேன்" என்று உள்ளே கூட்டிப்போய் விளக்கைப் போட்டாள். கெம்பு, மரகதம், நீலம் எல்லாம் பார்த்துக்கினே வந்தவன் அந்தச் செவ்வந்திக்கல் முன்னால் நின்றேன், காலு நகரல. வெளியே பார்த்தால் புத்தலப்பட்டுக் கழனியில் தோண்டிப் போடும் பாறை. பிளந்து வைத்த உள்பக்கமோ அம்மாடி, கத்தரிப்பூ நிறம். தறி போட்ட நாளாக அந்த நிறத்தை நூலில் கொண்டுவரப் பார்க்கிறேன், இன்னும் கைக்கு வரவில்லை. இங்கே ஒரு சாயக்காரனும் இல்லாம, மண்ணுக்குள்ள அது தானா தோய்ஞ்சிக்கினு கிடந்திருக்கு. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துடிச்சு. பிரித்திகாவோ பெத்த புள்ளையைக் காட்டுறாப்போல பக்கத்தில் நின்றாள். நாளைக்கு ஊரே வந்து பார்க்குமே, கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, கல்லுக்கே கண்ணடி பட்டால் என்ன செய்வது? அவள் போன் பேசப் போன நேரத்தில், சுமித்ராவின் பையில் எங்கள் மூத்த பெண்ணின் குழந்தைக்கு வைக்கும் கண்மை இருந்தது, எடுத்து ஒரு பொட்டு வைத்துவிட்டேன்.

சத்தியமாகக் கண்ணாடிப் பெட்டி மேல்தான் வைத்தேன். மறுநாள் தாங்கள் பெட்டியைத் திறந்தபோது பொட்டு கல்லின் மேல் இருந்தது. சீஃப் கெஸ்ட் "என்ன கறுப்பு இது" என்று விரலால் தடவிப் பார்த்தார், அதே விரலால் கன்னத்து வியர்வையைத் துடைத்தார், கன்னத்தில் மையோடு கடைசி வரைக்கும் பேசினார், சொல்ல ஒருத்தருக்கும் தைரியமில்லை, பேப்பர் போட்டோவிலும் அப்படியே வந்துவிட்டது. லட்சணமாகத்தான் இருந்தார், அதை விடுங்கள். பூட்டின கண்ணாடிக்குள்ள மை எப்படிப் போச்சு? கல்லே இழுத்துக்கிச்சு அம்மா, தனக்கு வேணும்னு வாங்கிக்கிச்சு. இதை எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. கல் செய்த காரியத்துக்கு என் பெண்ணின் வேலையை எடுக்கலாமா?

ஏழுமலையான் தங்களையும் தங்கள் கற்களையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
இனி மை டப்பாவோடு மியூசியம் பக்கம் வராத
சிவசங்கரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் பிரித்திகாவுக்குப் படித்துக் காட்டினேன். "நைனா, நீ கண்ணாடியில வெச்சத, நீங்க கிளம்பினதுமே நான் துடைச்சிட்டேன். துடைச்சப்புறம் மனசு கேக்கல. சாவி எங்கிட்டதான இருந்துச்சு. என் கண்மைய எடுத்து கல்லு மேல வெச்சது நாந்தான்" என்கிறாள். படித்த பெண் செய்கிற வேலையா இது என்று கேட்டால், "அத்தினி பேர் பாப்பாங்களே நைனா" என்று அழுகிறாள். ஆகவே அம்மா, அவள் மேல் தப்பில்லை என்று மேலே எழுதியதைத் தாங்களே அடித்துவிடுங்கள். வேலையை விட்டு எடுப்பதானால் எடுங்கள். ஆனால் அந்தக் கல்லை இவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் தங்களுக்குக் கிடைக்காது.