டாக்டர் குண்டனின் ஆய்வுக் கட்டுரை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். நாயும் நலம், அதைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உங்கள் தோல்நோய்க் கட்டுரையை ஒரு மருத்துவ இதழ் ஏற்றுக்கொண்டதாகவும், பதவி உயர்வு நேர்காணலில் அதைத்தான் காட்டப்போகிறீர்கள் என்றும் மகள் போனில் சொன்னாள். இதழின் பெயரைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கால்நடை மருத்துவனாக ஓய்வுபெற்ற என்னை, தினமும் மின்னஞ்சலில் 'மகப்பேறு உலகின் மாமேதையே' என்று கூப்பிட்டுக் கட்டுரை கேட்கிற அதே இதழ். நான் வாழ்நாளில் பிரசவம் பார்த்ததெல்லாம் மாடுகளுக்கு. ஆளை விடுங்கள் என்று எழுதினால், பதிலுக்கு நன்றி என்று சொல்லி, அப்படியானால் சிறுநீரகம் பற்றி எழுதுங்கள் என்கிறான் அந்த இதழ்க்காரன். என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறான்? எதை அனுப்பினாலும் போடுவானா, பார்த்துவிடலாம் என்று 'தபால்காரரைக் கண்டால் மட்டும் குரைப்பது ஏன்' என்றொரு கட்டுரை எழுதி, நம் வீட்டு நாய் குண்டன் பெயரில் அனுப்பினேன். மறுநாளே பதில். இரண்டு நிபுணர்கள் வரி வரியாகப் படித்து வியந்தார்களாம். டாக்டர் குண்டன் மாநாட்டுக்கு வந்து உரையாற்ற வேண்டுமாம். சாப்பாடு சைவமா அசைவமா என்று வேறு கேட்டிருக்கிறான். உங்கள் மாமியார், "இத்தனை வருஷம் டாக்டரா இருந்தீங்க, உங்களை ஒருத்தன் மாநாட்டுக்குக் கூப்பிட்டானா? நாய்க்கு வந்த வாழ்வைப் பாருங்க" என்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. வயிறு எரிகிறது. ஊண் உறக்கமில்லாமல் நோயாளிகளைப் பார்த்து நீங்கள் எழுதிய கட்டுரை, அவன் அனுப்பிய பொருளடக்கப்படி, குண்டனுடையதற்கு அடுத்த பக்கத்தில் வரப்போகிறது. நேர்காணலில் யாராவது ஒரு பக்கம் முன்னால் புரட்டினால் உங்கள் மானம் என்னாவது? "அவர் சந்தோஷமா இருக்காருப்பா, எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க" என்று மகள் கெஞ்சினாள். மாப்பிள்ளைக்கு மாமனார் புத்தி சொல்வது முறையில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் கையெடுத்துக் கேட்கிறேன், கட்டுரையை இன்றைக்கே திரும்பப் பெறுங்கள்.

நீங்களும் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

ஆசிகளுடன்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மின்னஞ்சல் வந்தது. என்னை அந்த இதழின் தலைமை ஆசிரியராக நியமித்திருக்கிறார்கள். நிதானமாக யோசித்துப் பார்த்ததில் அவ்வளவு மோசமான இதழாகத் தெரியவில்லை. அவசரப்பட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டாம். இரண்டாம் பத்திதான் கொஞ்சம் தொய்வாக இருக்கிறது. திருத்தி என் பார்வைக்கு அனுப்புங்கள். குண்டன் கட்டுரையை நிராகரித்துவிட்டேன். தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.